புறங்கை

செக்கானூரணி செக்‌ஷன் ஆபீசுக்கு
வாடகைக்கு ஓடுகிறது என் ஜீப்.
மேலே ஃபைபர் கூரை.
பக்கத்துக்கு நாலாய் எட்டு போல்ட்,
பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானர்.
ரெண்டு பேர் தூக்கினால் கையோடு வந்துவிடும்.
வர வேண்டும்.
கிராஸ் ஆர்ம் ஏற்றும் நாளில்
கூரை இறங்கினால்தான் இரும்பு ஏறும்.

சித்திரை பிறந்ததிலிருந்து
கூரை என்பது பெயர்தான்.
தலைக்கு மேல் கவிழ்த்துப் போட்ட தோசைக்கல்.
ஊருக்கெல்லாம் ஃபேன் சுற்றவைக்கப் போகிறவர்கள்
மூன்று பேர், பின் சீட்டில்
சட்டையைக் கழற்றிப் பிழிந்தபடி வருவார்கள்.

முதலில் ஈரச்சாக்கு விரித்தேன்.
பன்னியான் தாண்டுவதற்குள் காய்ந்து
மொடமொடத்துப் பறந்துபோய்
பின்னால் வந்த டவுன் பஸ்சின் முகத்தை மூடியது.
கண்டக்டர் சொன்ன வார்த்தை இங்கே வேண்டாம்.

அப்புறம் தெர்மாகோல்.
வெள்ளைப் பசைக்குப் பத்து நாள் நின்றது.
பதினோராம் நாள் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்க
ஜீப்புக்குள் பனி பெய்தது.
தூக்குவாளியில் எது தயிர்ச்சோறு, எது தெர்மாகோல் என்று
தின்ற பிறகுதான் தெரிந்தது ஜெயசீலனுக்கு.

ஒச்சப்பன்தான் கேட்டார்,
இருபத்தாறு வருஷமாய்க் கம்பத்தில் ஏறுகிறவர்:
“கரண்டுக்குப் பீங்கான் இருக்கு.
வெயிலுக்கு ஒரு பீங்கான் இல்லாமலா போகும்?”

ஞாயிற்றுக்கிழமை, திலகர் திடல் சந்தை.
பழைய ஐஸ் வண்டியை உடைத்துப் போட்டிருந்தவனிடம்
வெள்ளித்தாள் ஒட்டிய நுரைப்பாய் இருந்தது.
இத்தனை வருஷம்
குச்சி ஐஸுக்குக் காவல் கிடந்த பாய்.
எழுநூற்றைம்பது என்றான்.
பேசி அறுநூறு.

புங்க மரத்தடியில்
கூரையைக் கழற்றி மல்லாத்தினோம்.
ரபீக் ராஜா ஒயர் சீவும் கத்தியால்
பாயை நாலு துண்டாக்கினான்,
போல்ட் வரும் இடமெல்லாம் வட்டம் விட்டு.
மஞ்சள் பசையின் நெடியில்
கொஞ்ச நேரம் எல்லோருமே நல்லவர்களாய் இருந்தோம்.
டின்னில் எழுதியிருந்தது:
ஒரு ராத்திரி உலர விடவும்.

ராத்திரிக்கு யார் பொறுப்பு?
ஏழு மணிக்குத் தேனிப் பக்கமிருந்து புழுதி கிளம்பியது.
ஏழேகாலுக்கு ஃபோன்:
கருமாத்தூரில் வேம்பு சாய்ந்து
லைன் அறுந்து கிடக்கிறது.
பசை காயவில்லை.
மொட்டை ஜீப்பில் ஏறினோம்.

மழை சாய்வாக அடித்தது.
ஒரு மாதச் சூடு
நாலு முதுகிலிருந்தும் இறங்கிப் போனது.
யாரும் பேசவில்லை.
ஜெயசீலன் மட்டும் வாயைத் திறந்தே வைத்திருந்தான்.

பதினொன்றரைக்கு வெளிச்சம் வந்ததும்
வாசலில் பாய் போட்டுப் படுத்திருந்த ஒரு அம்மா
கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னது:
“இப்பத்தான் காத்து நல்லா வந்துச்சு.
இன்னுஞ் செத்த நேரங் கழிச்சுப் போட்டா என்னவாம்?”

காலையில் வந்து பார்த்தால்
கூரை நிறையத் தண்ணீர்.
புங்கம்பூவை மூக்கால் ஒதுக்கிவிட்டு
ஒரு நாய் சாவகாசமாய்க் குடித்துக்கொண்டிருந்தது.
அது முடிக்கும்வரை நின்றோம்.
பிறகு சாய்த்து ஊற்றினோம்.
மூன்று துண்டு அசையவில்லை.
நாலாவதில், டிரைவர் சீட்டுக்கு நேர் மேலே,
ஒரு மூலை பிரிந்திருந்தது.

மத்தியானம் ரெண்டு மணி, கத்திரி.
விக்கிரமங்கலம் ரோட்டில்
“நிறுத்து” என்றார் ஒச்சப்பன்.
கையை உயர்த்திக் கூரையைத் தொட்டார்,
புறங்கையால்.
செத்த கம்பியையும் அப்படித்தான் தொடுவார்.
உயிர் இருந்தால்
உள்ளங்கை இறுகப் பிடித்துக்கொள்ளும்,
புறங்கை உதறி விழும்.
உள்ளங்கையால் தொட்ட ஒருத்தனைக்
கம்பத்திலிருந்து இறக்கியவர்.

தொட்ட கையை எடுக்கவில்லை.
எருமை ஒன்று ரோட்டைக் கடக்கும் நேரம்
அப்படியே வைத்திருந்தார்.
பிறகு திருப்பி
உள்ளங்கையை வைத்தார்.

“ம், போ.”

பிரிந்த மூலை
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
என் உச்சந்தலையைத் தட்டிக்கொண்டே வருகிறது.
அந்த ஒரு சாண் மட்டும்
பழைய தோசைக்கல்.

ஐந்நூறுக்கே கேட்டிருக்கலாம்.