அரை முழம்

கடலையே அளக்கிறவன் லீவில் வந்திருக்கான்,
கேரட் தோட்டத்தை அளக்க மாட்டானா என்று
போஜனும் ஆரியும் என்னை இழுத்துப் போனார்கள்.
கேத்தியில் உறைபனி இன்னும்
பாத்திகள்மேல் உப்பாகக் கிடந்தது.

பதினோரு மாதம் நான் இருந்த கப்பல்
எங்கேயும் போய்ச் சேர்வதற்காகப் போகவில்லை.
கிழக்கே நாற்பது மைல், திரும்பு,
பக்கத்துக் கோட்டில் மேற்கே நாற்பது மைல்.
உழவு மாதிரிதான்.
கப்பலின் அடிவயிற்றிலிருந்து ஓர் ஒலி இறங்கும்,
தரையைத் தொட்டுத் திரும்பும்;
போய்வந்த நேரத்தில் பாதி, ஆழம்.

ஓர் இரவு, இரண்டு மணிக் காவலில்,
திரையில் தரை எழுந்தது.
எழுந்துகொண்டே இருந்தது.
தொட்டபெட்டாவைப் பக்கத்தில் நிறுத்தினால்
அதன் தோளுக்குத்தான் வரும்.
உச்சிக்கு மேலே முந்நூறு ஆள் தண்ணீர்.
டீ கொண்டுவந்த குரியன்
ஆறும்வரை தட்டோடு நின்றான்.
விடிவதற்குள் மூன்று முறை குறுக்கே ஓடினோம்.
வரைபடத்தில் ஓர் எண் கூடியது.
வேலியில்லை. பட்டா இல்லை.

இங்கே
சங்கிலியின் ஒரு முனை என் கையில்,
மறுமுனையை ஆரி விடமாட்டேன் என்கிறார்.
எல்லைக் கல்லை ஐப்பசி மழை நகர்த்தியதா,
போஜன் நகர்த்தினானா?
அரை முழம். அதில்
ஒரே ஒரு வரிசை கேரட்.

மூன்று முறை அளந்தேன்.
மூன்று விடை.
கடலில் இதைப் பிழை வரம்பு என்போம் என்றேன்;
இருவரும் சேர்ந்து முறைத்தார்கள்,
காலையிலிருந்து முதல்முறையாக ஒரே பக்கம் நின்று.

கல்லடியில் காட்டெருமைக் குளம்படி ஒன்று,
நிறையத் தண்ணீர், மேலே
பாலாடைபோல் பனி.
பழக்கதோஷம், விரலை விட்டுப் பார்த்தேன்.
இரண்டு கணு.