ஐந்தடி நாலங்குலம்

ஈ.பி. கம்பத்துக்கும்
ஜரினா வீட்டுப் படிக்கும் நடுவே
பேரணாம்பட்டில் எங்கள் சந்து
ஐந்தடி நாலங்குலம்.
லைனிங் துணி அளக்கும் டேப்பால்
மூன்று முறை அளந்துவிட்டுத்தான்
வேலூருக்கு பஸ் ஏறினேன்,
காலடியில் ஒரு மூட்டை ஷூ அப்பர்.

ஷோரூம் பையன் டை கட்டியிருந்தான்.
"மேலே கண்ணாடி திறக்கும் மேடம்,
வானம் தெரியும்."
இந்த ஊர் வெயிலைக்
கூரை போட்டே தடுக்க முடியவில்லை,
அதில் ஓட்டை வைக்க
லட்ச ரூபாய் கூடவா?
ஜெயசீலனுக்கு மட்டும் முகம் மலர்ந்தது.
அவர் ஓட்டப்போவதில்லை.

டிக்கியைத் திறக்கச் சொல்லி
மூட்டையை வைத்தேன்.
படுக்கவைத்தேன், நிமிர்த்தினேன்.
கதவு மூடவில்லை.
எனக்கு ஒரு நடைக்கு எட்டு மூட்டை தம்பி,
ஆம்பூர் கம்பெனியில் ஏற்றி
ஏழு வீட்டில் இறக்கி
தைத்ததைத் திரும்ப ஏற்றணும்.
பசை வாடை சீட்டில் ஏறினால்
இறங்காது என்பதையும் சொன்னேன்.
பையன் டையைத் தளர்த்திக்கொண்டான்.

கடைசியில் சத்துவாச்சாரியில்
ஒரு பழைய வேன்,
கத்திரி வற்றல் நிறம்.
யாரும் கேட்காத நிறத்துக்கு
இருபதாயிரம் குறைத்தார்கள்.
பின்சீட்டைக் கழற்றினால் ஒன்பது மூட்டை.
ஏ.சி. கொஞ்சம் இருமும், பிறகு வரும்.
அகலத்தை நானே அளந்தேன்:
நாலடி பத்து.
அரையடி லாபம் என்று
வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சந்துக்குள் திரும்பியதும்
இடப்பக்கக் கண்ணாடியை
ஈ.பி. கம்பம் பிடுங்கிக்கொண்டது.
கதவுக்குக் கதவு அளந்தவள்
காதை விட்டுவிட்டேன்.

ஜெயசீலன் இறங்கி
ஒன்றும் பேசாமல்
வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.