வறுக

கட்டில் விரிப்பு இரண்டு ஆள் அகலம்.
பதினொரு மாதமாக
ஒரு பக்கம் கசங்கவே இல்லை.
அதைத்தான் உருவினேன்.

பிராஸ்பெக்டன் ஆலையில்
கார்களுக்குச் சிவப்படிக்கிறவன் நான்.
டப்பாவின் அடியில் மிஞ்சியது
சோற்றுப் பையில் சாட்ஸ்வர்த்துக்கு வந்தது.
ஒரு முனையில் கோகிலம்.
மறுமுனையில் பெகிதெம்பா,
எதிர்வீட்டுத் தோபிலேயின் கணவன்,
அதே படைப்பிரிவு, அதே லாரி;
பெயர் நீளம், தையல் விளிம்புவரை போனது.
நடுவில் தமிழில் ஒரு சொல் இருக்கட்டும் என்றேன்.
திரேசன் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்காரன்,
நாக்கை உதட்டோரம் கடித்துக்கொண்டு
எழுதினான்: வறுக.

யாரும் கவனிக்கவில்லை.
தேதிதான் மூன்று முறை மாறியது.
பழைய எண்மேல் வெள்ளை பூசி,
காயவைத்து, புது எண்.
அந்த இடம் மட்டும் அப்பளமாய் விறைத்தது.

"அம்மா கோமாவில் இருக்கிறார்" என்று
கட்டுரை எழுதிவிட்டு வந்தான் ஒருநாள்.
வாத்தியார் பதறிப்போய் ஃபோன் செய்தார்.
அது ஊர்ப்பெயர் ஐயா, காங்கோவில்.
நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான்.
சிரித்தோம்.

பிறகு ஒரு செவ்வாய்
தோபிலேயின் வாசலில் ராணுவக் கார்.
உயிர் இருக்கிறது.
பிரிட்டோரியா மருத்துவமனை.
கண் திறக்கவில்லை.
அந்த ஊரின் பெயரை அப்புறம்
நான் வாயால் சொல்லவில்லை.

விரிப்பைப் பாதியாய் மடித்தேன்,
அவன் பெயர் உள்ளே போனது.
பிரித்தேன்.
மறுபடி மடித்தேன்.
பேருந்து வரும் காலையில்
ஆரத்திக்கு மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தபோது
கதவில் தோபிலே,
சர்ச்சுப் பெண்களின் சிவப்புச் சட்டையில்.
"ஒற்றை ஆளாய் எப்படிப் பிடிப்பாய்?"

முகாம் வாயிலில் கடல்காற்று,
துணி எங்கள் இருவரையும் இழுத்தது.
கோகிலம் இறங்கினாள், இளைத்து, கறுத்து.
தூரத்திலிருந்தே வாசித்தாள்:
"எந்தச் சட்டியில் வறுக்கப் போறீங்க என்னை?"
பாதிச் சிரிப்பில்
மறுமுனையைப் பிடித்திருப்பது யாரென்று பார்த்தாள்.

என்னிடம் வரவில்லை.
தட்டோடு நின்ற பிள்ளையிடமும் வரவில்லை, உடனே.
கற்பூரம் தானாக அணைந்தது.
இரண்டு பெண்களும் பேசியது ஜூலுவில்;
எனக்குப் பிடிபட்டது ஒரு பெயர் மட்டும்.
என் பக்கம் விரைப்பாய் நின்றது துணி,
அந்தப் பக்கம் தரையில்.

இரவு துவைக்க எடுத்தேன்.
பிடுங்கிக்கொண்டாள்.
எட்டாய் மடித்து அலமாரிமேல் வைத்தாள்.

"தேதிக்கு மட்டும் வெள்ளையடிங்க.
அந்த 'று' இருக்கட்டும்."