இரட்டை முடிச்சு

அன்று நிலா இருந்தது.
பனிமூட்டம் இல்லை. ஹம்பர் ஆற்றில் காற்றும் இல்லை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
ஏனென்றால் விசாரணையில் ஒன்பது நாள்
வானிலையைப் பற்றியே பேசினார்கள்.

'ஆல்பினா' உல்லாசப் பயணம் முடித்துத் திரும்புகிறது.
மேல்தளத்தில் பித்தளை வாத்தியம்,
கீழே தூங்கும் பிள்ளைகள், இறால் மடித்த காகிதம்.
எதிரே ஒரு நிலக்கரிக் கப்பல்.
சிவப்பு விளக்கைப் பார்த்தேன் என்றான் ஒரு மாலுமி.
பச்சைதான் என்று பைபிளைத் தொட்டான் இன்னொருவன்.
சுக்கான் பிடித்தவனைக் கேட்கலாமென்றால்
அவன் எண் நாற்பத்தொன்று.

ஹெஸல் கரையில், கயிறு திரிக்கும் கொட்டகையில்
எண் போட்டுக் கிடத்தியிருந்தார்கள்.
தார் நாற்றத்தின் மேல் வேறொரு நாற்றம்.
முகங்களைத் தண்ணீர் அழித்திருந்தது.
குமாஸ்தா கார்பட் எனக்கு ஆள் அனுப்பினார்:
"ஸ்டாதர்ஸ் அம்மா, ஊர்க் கிழிசலெல்லாம்
உங்கள் கைக்குத்தானே வரும்?"

வரும். அதனால்
குதிகால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.
சாம்பல் நூலில் குறுக்கிழை: ரொட்டிக்கடைக்காரரின் மூத்தவள்.
கறுப்பு தீர்ந்து நீலத்தில் அடைத்தது: ஓபெட், பதினொரு வயது.
அவன் அம்மா தரவேண்டிய மூன்று பென்னி
அந்த நேரத்திலும் நினைவுக்கு வந்தது.
பதினேழு பேருக்குப் பெயர் கொடுத்தேன்.

பதினெட்டாவது என் கம்பளி.
என் ஊசி. குதிகாலுக்கு மேல் நான் மட்டும் போடும்
இரட்டை முடிச்சு.
போன கிறிஸ்துமஸுக்கு எஃப்ரெய்முக்குப் பின்னியது.
"இவர்?" என்று பேனாவை மையில் தோய்த்தார் கார்பட்.

ஈமச் சங்கத்துக்கு வாரம் இரண்டு பென்னி,
பதினான்கு வருஷம் கட்டியிருக்கிறேன்.
ஆறு திருப்பித் தந்தால் ஆறு பவுன்.
ஆறே வைத்துக்கொண்டால் செல்லாக்காசும் இல்லை.

எஃப்ரெய்முக்கு இடதுகாலில் சுண்டுவிரல் கிடையாது,
துறைமுகத்தில் பீப்பாய் உருண்டு நசுக்கியது.
நனைந்து ஒட்டிய அந்தக் காலுறைக்குள்
ஐந்தும் தெரிந்தன. ஐந்தாவது, பட்டாணிபோல.
சீட்டாட்டத்தில் தோற்றிருப்பான்.
சட்டையைத் தோற்றவன், காலுறைக்கா யோசிப்பான்.

"என் புருஷன்" என்றேன்.
கையெழுத்து கோணாமல் வந்தது.

கல்லில் அவன் பெயர் இருக்கிறது,
கீழே இருப்பவனுக்கு என்ன பெயரோ.
வாடகை பாக்கி தீர்ந்தது. இரண்டு மூட்டை கரி வாங்கினேன்.

கிரிம்ஸ்பியிலிருந்து ஒருத்தி வந்தாள்.
மூன்று முறை படகேறி வந்து
மிச்சமிருந்த துணிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.
கார்பட்தான் என்னிடம் அனுப்பினார்,
எனக்கு எல்லாக் காலும் தெரியுமென்று.
தேநீர் கொடுத்தேன். "தெரியவில்லை" என்றேன்.
அவள் காலுறை பெருவிரலில் பிய்ந்திருந்தது.
கழற்றச் சொல்லி, விளக்கருகே உட்கார்ந்து
இழை இழையாய் அடைத்துக் கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை.
முடிச்சு மட்டும்
ஒற்றையாய்ப் போட்டேன்.