சுண்ணாம்பு மட்டும்

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில்
ஈரப் பேப்பர் சுற்றி வந்த கல்லில்
ஒட்டிக்கொண்டு வந்தது.
விற்றவன் சொல்லவில்லை. அவனுக்கும் தெரிந்திராது.
நகக்கண் அளவில் ஒரு பழுப்புத் தண்டு,
உச்சியில் மயிராய்ச் சில விரல்கள்.
“பூ ஒண்டு முளைச்சிருக்கு” என்று
நிமலராஜ் படம் எடுத்தான்.
நானும் பார்த்தேன்.
வடிவாகத்தான் இருந்தது.

பக்கத்துப் பச்சைப் பவளம்
நாலு நாளாய் வாய் திறக்கவில்லை.
பிறகுதான் தேடிப் படித்தோம்:
கடற்சாமந்தியில் இது களைச் சாதி.
ஐப்டேசியாவாம் பெயர்,
கலியாணக் கார்டில் போடலாம் போல.

அதற்குள் ஒன்பது.
என் புருஷன் பட்டர் கத்தியால் சுரண்டினான்.
சிதறிய துணுக்கெல்லாம்
விழுந்த இடத்தில் அடிபிடித்தது.
மின்சார சபையில் மீட்டர் பார்ப்பவன்,
எண்ணிக்கையை மட்டும் பிழையில்லாமல் சொன்னான்:
முப்பத்தொன்று.

தள்ளு, நான் பார்க்கிறேன் என்றேன்.
பதினேழு வருஷம்
போதனா வைத்தியசாலைப் பிள்ளைகள் வாட்டில்
ஊசி குத்துகிற கை.

கல்லடிப் பாலத்தடியில் சீனித்தம்பியண்ணன் கடை.
“வெத்திலை எத்தினை புள்ள?”
வெத்திலை வேணாம். பாக்கும் வேணாம்.
சுண்ணாம்பு மட்டும்.
அவர் என் பல்லைப் பார்த்தார்.
“முந்தியெண்டா கல்குடாப் பக்கம்
முருகைக்கல்லச் சுட்டு எடுத்தது.
இப்ப விடமாட்டாங்கள்.
இது எங்கயிருந்து வருதோ.”

ஆறிய சுடுதண்ணீரில் குழைத்தேன்,
தோசை மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாய்.
மோட்டரை நிறுத்தினேன்.
நிழல் விழக் கூடாது. பக்கவாட்டில் வர வேண்டும்.
ஊசியைக் கண்ட பிள்ளை தோளை இழுக்குமே,
அதுபோல் கல்லுக்குள் போய்விடும்.
வாய்க்கு நேரே ஒரு சொட்டு.

அது சுருங்கும் என்றிருந்தேன்.
சுருங்கவில்லை.
இரை என்று நினைத்ததோ என்னவோ,
விரல்களை ஒவ்வொன்றாய் மடித்து
வாங்கிக்கொண்டது.

ஒரு நாளைக்கு ஐந்து, அதுதான் அளவு.
வெள்ளி இரவு பதினாலு வைத்தேன்.
அரை மில்லி கூடினாலும்
தாதிமாரை ஏசுகிறவள் நான்.
கை நிற்கவில்லை.

காலையில் தண்ணீர் பாலாய்க் கலங்கி,
சிவப்பு வரி இறால் பக்கவாட்டில் கிடந்தது.
மீன்களின் கழுத்தெல்லாம் துடிப்பு.

தண்ணீர் மாற்ற வேண்டும், உடனே.
முகத்துவாரம் வெட்டிய கிழமை,
கல்லடிக் கடல் தேத்தண்ணி நிறம்.
பாசிக்குடாவுக்கு ஓடினோம்.
மோட்டார் சைக்கிளில் இருவருக்கும் நடுவே
ஒரு வெறும் கேன், என் கையில் இன்னொன்று.
ஏறாவூர் தாண்டும்வரை
அவன் ஒன்றும் பேசவில்லை.
தாண்டிய பிறகு, “இறால் எவ்வளவு தெரியுமா?” என்றான்.
தெரியும்.

அங்கே கடல் கண்ணாடி.
இடுப்பளவு வரவே எவ்வளவோ நடக்க வேண்டும்.
காலில் இடறியது ஒரு முருகைக்கல் துண்டு,
எலும்பு போல, துளை துளையாய்.
சுட்டால் இதுவும் சுண்ணாம்பு.
இதன் மேல்தானே அதுவும் முளைக்கிறது.
இவ்வளவுதான் யோசித்தேன்,
கேன் நிரம்பிவிட்டது.

மீன்கள் பிழைத்தன.
பச்சைப் பவளம் மூன்றாம் நாள்
ஒரு ஓரம் மட்டும் திறந்தது.
கல் சுத்தம். விருந்தாளி வந்தால்
விளக்கைப் போட்டுக் காட்டினோம்.

நேற்று மோட்டரைக் கழுவக் கழற்றினேன்.
குழாயின் உள்வளைவில்,
வெளிச்சமே படாத இடத்தில்,
கடுகளவில், வெளுத்து,
இரண்டு. இல்லை, டோர்ச் அடித்தால் ஏழு.
அவனிடம் மூன்று என்றேன்.

பாலத்தடியில் என்னைத் தூரத்தில் கண்டதுமே
சீனித்தம்பியண்ணன்
வெத்திலைக் கட்டை ஒருபக்கம் தள்ளிவிட்டு
டப்பாவைத் திறக்கிறார்.