திணை வழு

இரவு பதினொன்றரைக்கு வந்த செய்தியில்
மனிதர் ஒருவர்கூட இல்லை.
இலக்குகள் இருந்தன, நிலைகள் இருந்தன,
ஒரு துறைமுகம், பதினேழு படகுகள்.
'அழிந்தன' என்று முடித்தேன்.
அஃறிணைப் பன்மை. சரிதான்.

பத்தொன்பது நாளாக இதுதான் வேலை.
நாகர்கோவில் பதிப்பின் கடைசி மேசையில்
ஆங்கிலத்தில் வரும் போரைத்
தமிழில் இறக்கிவைக்கிறேன்.
முதல் நாள் 'மக்கள் கொல்லப்பட்டனர்' என்றிருந்தேன்.
நம் நாடு எந்தப் பக்கம் என்று
அறிவித்த மறுநாள் அவர்கள் 'பேர்' ஆனார்கள்.
ஒன்பதாம் நாளிலிருந்து எண் மட்டும் போதுமாயிற்று.
'பதுங்கியிருந்தவை நசுக்கப்பட்டன':
அந்தத் தலைப்பு என்னுடையதல்ல.
எழுத்தெண்ணிப் பத்தியில் பொருத்தியது நான்.
அன்று முந்நூறு பிரதி கூடுதலாகப் போனது.

வடசேரி டீக்கடையில்
டிவி பார்த்துக் கைதட்டுகிறார்கள்.
"அதுவள ஒண்ணு விடாம தீத்துப்போடணும், கேட்டீரா?"
சொன்னவர் ரப்பர் ஷீட் வியாபாரி, நல்ல மனிதர்.
என் தம்பியின் ஆபரேஷனுக்கு
ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து ரத்தம் தந்தவர்.
அந்த நாட்டுக்காரர் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை.
நானும்தான்.
டீ ஆற்றிக்கொண்டிருந்தவனை
"லே அசாமு" என்றார்.
அவன் திரும்பிப் பார்த்தான்.

கல்லூரியில் படித்திருக்கிறேன்.
உவப்பில் திணை மாறலாம்:
கன்றுக்குட்டியை 'வா மோளே' எனலாம்.
இகழ்ச்சியிலும் மாறலாம்:
மனிதனை 'அது' எனலாம்.
பிழையாகாது; வழுவமைதி.
எங்களுக்கு அது இரண்டு மதிப்பெண் கேள்வி.

இந்த மண்ணில் அது கேள்வியாக இருந்ததில்லை.
யார் எத்தனை அடி தள்ளி நிற்பது என்று
அளந்து வைத்திருந்தார்கள்.
என் ஆட்கள் அந்த அளவுக்கு வெளியே நின்றவர்கள்.
தலைக்கு வரி.
தோளில் துணி விழுந்தால் அடி.
அடித்தவர்கள் கொடியவர்களாக
இருந்திருக்கவேண்டும் என்றில்லை.
'அது நிக்குது, விலகச் சொல்லு'
என்று நாக்கு பழகியிருந்தால் போதும்,
கை பிறகு தானே பழகிக்கொள்ளும்.

பன்னிரண்டு பத்துக்கு
வள்ளவிளையிலிருந்து வியாகுலமேரி வந்தாள்,
கூடக் கொழுந்தன்.
பிளாஸ்டிக் உறையில் கிளீற்றஸின் பாஸ்போர்ட் நகல்.
அந்தத் துறைமுகத்தில்தான் மூன்று வருடமாகக் கூலிக்குக் கடல் போகிறான்.
படகுக்காரரின் தாய்
இவன் கையால் மீன்குழம்பு வேண்டுமென்று
புளி தேடி ஊரெல்லாம் அலைந்தாளாம்.
போனில் சொல்லிச் சிரித்திருக்கிறான்.
"அந்த அம்மையும் போயிருப்பாவளோ?"
கண்ணைத் துடைக்காமல் கேட்டாள்.
பத்தொன்பது நாளில் நான் கேட்ட வாக்கியங்களில்
திணை வழுவாதது அது ஒன்றுதான்.

ஆசிரியர் தலைப்பை மாற்றினார்:
'குமரி மீனவர் பலி?'
கிளீற்றஸுக்கு ஒரு 'ர்' கிடைத்தது,
எங்கள் விற்பனை எல்லைக்குள் பிறந்ததற்காக.
மற்றவர்கள் படகுக்குள்ளேயே இருந்தார்கள்.
படகுகள் அழிந்தன.

ஒன்றேமுக்காலுக்குப்
பக்கம் அச்சுக்குப் போகுமுன்
ஒரு சொல்லில் கை வைத்தேன்.
'பதினேழு படகுகள் இறந்தனர்.'

காலையில் நாற்பத்துமூன்று அழைப்புகள்.
தக்கலையிலிருந்து ஓய்வுபெற்ற புலவர் ஒருவர்
வாய்விட்டு வருந்தினார்.
குளச்சல், குலசேகரம், அருமனை,
எல்லா ஊருக்கும் தமிழ்மேல் அக்கறை.
விளக்கம் கேட்டு எனக்கொரு தாள் வந்தது.
'கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
வீட்டுக்கடன் இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.

மாலையில் டீக்கடை.
டிவியில் இன்னொரு துறைமுகம், அதே கைதட்டல்.
அடுப்படியில் புது முகம்.
எனக்குச் சர்க்கரை அரைக்கரண்டி என்று தெரிந்தவனைக் காணவில்லை.
கல்லாவில் கேட்டேன்:
"அது எங்க போச்சு?"

கேட்டது யாரென்று
திரும்பிப் பார்த்தேன்.