பதினேழு

பதினேழுக்கு மேல் ஈரம் இருந்தால்
நெல்லை எடுக்கக் கூடாது என்பது விதி.
மூட்டைக்கு நாற்பது ரூபாய் வந்தால்
இருபத்தொன்றும் பதினேழு என்பது என் விதி.
பொறையாறு பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில்
ஐந்து போகம் பட்டியல் எழுதினேன்.
கோயிலுக்கு அறுப்புக் காணிக்கை
ஒரு வருஷமும் தவறியதில்லை.

ஞானப்பாக்கியத்தின் நெல் பத்தொன்பது காட்டியது.
அறுபத்திரண்டு மூட்டை, குத்தகை நிலம்.
நாற்பது கேட்டேன்.
"அறுப்பு மிஷினுக்கே கடன் நிக்கிது சார்."
"காய வச்சுக் கொண்டா" என்றேன்,
வானம் கருத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபடியே.

தை கடைசியில் மூன்று நாள் மழை.
சாலையோரம் குவித்த அவள் நெல்
முளைவிட்டது,
பால்பல் மாதிரி, வெள்ளை வெள்ளையாய்.

மூன்றாம் ராத்திரி
நிலையத்துத் தார்ப்பாயைக் காற்று கிழித்தது.
எண்ணூறு மூட்டை, என் கையெழுத்தில் ஏற்றவை.
நனைந்தால் வேலை போகும்,
ஜாமீன் நின்ற மச்சானின் வீடும் போகும்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
வெறும் சாக்குகளை இழுத்து இழுத்து மூடினேன்.

அவள் வந்தாள்.
தலையில் சுருட்டிய நீலப் பாய்,
பின்னால் கயிற்றோடு அவள் மகன்.
"என்னுது முளைச்சிருச்சு.
இதாவது யாரு வீட்டுலயாவது சோறாகட்டும்.
அந்த முனையப் புடிங்க."
பிடித்தேன்.
கட்டி முடித்ததும் போய்விட்டாள்.
திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.
திட்டுக்கு ஒரு கணக்கு உண்டு.

மறுவாரம் பைக்கை விற்றேன்.
அறுபத்திரண்டு மூட்டைக்கு அரசு விலை,
பாய் வாடகை, மகனுக்கு ராத்திரிக் கூலி,
அதற்குக் கீழே இன்னொரு கட்டம் போட்டு
என்ன எழுதுவதென்று தெரியாமல்
பேனாவை உதறிக்கொண்டிருந்தேன்.

நெல்லுக்கானதை
இரண்டு தரம் எண்ணி வாங்கிக்கொண்டாள்.
மீதியை என் சட்டைப் பையில் செருகினாள்.
"பாயி வாடகைக்குக் கொண்டாரல."

வாங்கியே பழகிய கை இது.
சும்மா வாங்க அதற்குத் தெரியவில்லை.

மாசி முதல் ஞாயிறு, திருவிருந்து.
போக வேண்டாமென்று வீரசோழன் கரையில் நின்றேன்.
மணியடித்தது. விட்டிருந்த மழை பிடித்துக்கொண்டது.
ஒதுங்க ஒரு கூரை வேண்டித்தான் உள்ளே போனேன்,
அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.
கடைசி வரிசையில் சொட்டச் சொட்ட முழங்காலிட்டேன்.
இரண்டு ஆள் தள்ளி அவள்.
திரும்பிப் பார்க்கவில்லை.

ஐயர் அப்பத் தட்டோடு நெருங்க நெருங்க,
பழக்கதோஷம்,
எனக்குள் இருந்த பட்டியல்காரன்
என்னில் ஒரு பிடி அள்ளிக்
கருவியின் கிண்ணத்தில் போட்டான்.
இலக்கம் ஏறிக்கொண்டே போனது.
"எடுக்க முடியாது" என்று அவன் சொல்ல வாயெடுப்பதற்குள்
"உனக்காக" என்று ஐயர்
உள்ளங்கையில் வைத்துவிட்டு
அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

ஈரக் கை.
அப்பம் உடனே இளகி
ரேகைகளில் ஒட்டிக்கொண்டது,
திருப்பித் தர முடியாதபடி.